திரைக்கு முன்னால் தொங்கிய ஒயர்

"கரண்ட் போனதும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

தலைநகரிலிருந்து வந்த ஒரு டாக்டர் சியோமாராவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். மெழுகுவர்த்தி தேடுவேன் என்றோ, மந்திரியைத் திட்டுவேன் என்றோ அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"டிவி பிளக்கைப் பிடுங்குவேன்" என்றாள் சியோமாரா.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மரக்காய்போவில் பிறந்தவர் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் மின்சாரம் போகும்போது ஒன்றும் ஆகாது. திரும்பி வரும்போதுதான் அது குதிரை மாதிரி உதைக்கும். அந்த ஒரே உதையில் சுவரளவு டிவி கறுப்புப் பலகையாகிவிடும். அதனால் விளக்கு அணைந்த நொடியில் ஊர் முழுக்கக் கைகள் தானாகச் சுவரைத் தடவும். குழந்தை அழுதால்கூட அது இரண்டாவதுதான்.

சியோமாரா ஃபினோல் முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்களைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தாள். நிறுவனம் மூடிய பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்துவிட்டாள். அலுவலகம் என்றால், ஐஸ் சீவி விற்கும் கடையின் பின்னறை. வருகிறவர்களில் பாதிப் பேர் புளி ஷர்பத் கேட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள்.

அன்று காலை தட்டியவளுக்கு ஷர்பத் வேண்டியிருக்கவில்லை. ஒடிசலான பெண். தோளில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. அது மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, என் பேரு மிலெய்டிஸ். இன்னிக்குச் சாயங்காலம் என் புருஷனை ஜெயில் வண்டியில ஏத்திடுவாங்க."

"எந்த ஜெயில்?"

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது. அங்க போனவங்க விசாரணைக்கே வருஷக்கணக்கா காத்துக் கெடக்கறாங்களாம். வீட்டுலேர்ந்து சோறு போனாத்தான் சோறு. இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எப்படி அங்க போவேன்?"

சியோமாராவின் உதவியாளன் நெயுரோ பிராச்சோ தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினான். நாற்பது வயதுக்காரன். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய வாய். "உட்காருங்க தங்கச்சி. மெதுவா உட்காருங்க, அதுக்கு மூணு கால்தான்."

அவள் உட்கார்ந்து சொன்னாள்.

அவள் கணவன் ஆர்ஹெனிஸ் ஏரியில் எண்ணெய்ப் படகு ஓட்டியவன். வேலை போனதும் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பெரிய திரை டிவிகளை ரிப்பேர் பண்ணக் கற்றுக்கொண்டான். தெருவில் இரண்டு வீடு தள்ளி டோன் நோல்பெர்த்தோ லூசார்தோ என்ற பெரியவர். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கால் விளங்காது. அவருடைய அறுபத்தைந்து அங்குல டிவி இருண்டுபோயிற்று. தானே சரி பண்ணுகிறேன் என்று அவர் வெண்ணெய் வெட்டும் கத்தியால் அதன் முதுகைத் திறந்து இன்னும் கெடுத்தார். கடைசியில் ஆர்ஹெனிஸ் சரி செய்து, நேற்று மதியம் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான்.

பொழுது சாயும்போது மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது பெரியவரின் தம்பி மகன் ரிக்சியோ போய்ப் பார்த்தான். பெரியவர் மண்டை உடைந்து தரையில் கிடந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. சிலியில் இருக்கும் மகன் அனுப்பிய பேட்டரிப் பெட்டியைக் காணோம். கைப்பெட்டி அளவுதான், ஆனால் டிவி, ஃபேன் எல்லாவற்றையும் ஓட்டும். அந்தத் தெருவிலேயே அப்படி ஒன்று அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"நேத்து அந்த வீட்டுக்குப் போனது இவருதானேன்னு விடிஞ்சதும் போலீஸ் வந்து எங்க பட்டறையில போர்வைக்கு அடியிலேர்ந்து அதை எடுத்தாங்க. யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க அக்கா. அவரை எப்படியாவது வெளிய கொண்டு வாங்க."

"வச்சவன் நல்லவன்தான்," என்றான் நெயுரோ. "போர்வை எல்லாம் போத்தி விட்டிருக்கான்."

சியோமாரா அவனை முறைத்தாள். பிறகு சின்னப் பெண்ணின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். "வண்டியை எடு" என்றாள்.

*

நெயுரோவின் வண்டி ஒரு காலத்தில் ஷேர் டாக்ஸியாக ஓடிய பழைய அமெரிக்கக் கார். முன்கதவைக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது.

டோன் நோல்பெர்த்தோவின் வீட்டு வாசலில் ரிக்சியோ நின்றான். அவன் தலையைப் பார்த்ததும் நெயுரோ வாயைப் பொத்திக்கொண்டான். வலது பக்கம் ஒட்ட வெட்டிய முடி. இடது பக்கம் காடு.

"சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க," என்றான் ரிக்சியோ. "நேத்து சலூன்ல பாதி வெட்டும்போது கரண்ட் போச்சு. வந்துடும் வந்துடும்னு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்துச்சு. வந்த வேகத்துல மெஷினை எரிச்சுட்டுப் போயிடுச்சு."

"பிளக்கைப் பிடுங்கலையா?"

"சலூன்காரன் டிவி பிளக்கைப் பிடுங்கினான். மெஷினை மறந்துட்டான்."

"பாஸ்," என்று நெயுரோ அவள் காதருகே குனிந்தான். "இவன்தான்னு பந்தயம் கட்டலாம்னு வந்தேன். ஆனா இவனோட சாட்சி இவன் தலையிலேயே முளைச்சிருக்கு."

கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதன் கையில் பெரியவரின் ஊன்றுகோல் மாட்டியபடியே கிடந்தது. எதிரே டிவி. நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு கனமான மேஜை, அதன் மூலையில் காய்ந்த ரத்தம். ஒரு செருப்பு நாற்காலியடியில், இன்னொன்று மேஜையருகில். எதுவும் கவிழ்ந்திருக்கவில்லை, எதுவும் உடைந்திருக்கவில்லை. சியோமாரா குனிந்தாள். நாற்காலியிலிருந்து அலமாரிப் பக்கமாகத் தரையில் எரிந்த தீக்குச்சிகள் கிடந்தன. கோழிக்குத் தீனி தூவினது போல, ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

"உங்க பெரியப்பா சிகரெட் பிடிப்பாரா?"

"மருந்துக்கடைக்காரர் மேடம். புகையைப் பார்த்தாலே சொற்பொழிவு ஆரம்பிச்சுடுவார்."

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

டிவியின் ஒயர் இரண்டாக மடிக்கப்பட்டு, திரையின் மேல்விளிம்பு வழியாக முன்பக்கம் தொங்கியது. பிளக் சரியாகத் திரையின் நடுவில். பெரிய கறுப்பு நெஞ்சில் யாரோ டை கட்டிவிட்டது போல.

"இதை யாரு இப்படி மாட்டினா?"

"நான் தொடல மேடம். நேத்து வந்தப்பவே இப்படித்தான் தொங்கிச்சு."

"கரண்ட் போனப்ப டிவி ஓடிட்டிருந்துச்சா?"

"போனப்புறமும் ஓடிச்சாமே! பெட்டியில சொருகிட்டாரு. தெருவே இருட்டு, பெரியப்பா வீட்டுல மட்டும் பேஸ்பால் ஆட்டம். ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டுப் பார்ப்பாரு, ஓசியில யாரும் பார்க்கக் கூடாதுன்னு. பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துல காதை வச்சு ஸ்கோர் கேட்டுட்டு இருந்தானாம். ஆட்டம் சூடு பிடிச்ச நேரத்துல டக்குனு நின்னுடுச்சாம். 'கிழவன் வேணும்னே சத்தத்தைக் குறைச்சுட்டான்'னு கரண்ட் வர வரைக்கும் திட்டிட்டு இருந்தானாம்."

சியோமாரா ஒயரின் முன்னால் நின்றாள். திருடன் வருகிறான். பெட்டி வேண்டும். பெட்டியில் டிவி சொருகியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால்தான் பெட்டி வரும். பிடுங்குகிறான், அறை இருண்டுபோகிறது. ஒயரை அப்படியே விட்டெறிந்துவிட்டு ஓட வேண்டியதுதானே?

"திருட வந்தவனுக்கு டிவி மேல என்ன இவ்வளவு பாசம்?" என்றாள். "நின்னு, மடிச்சு, மாட்டிட்டுப் போயிருக்கான்."

நெயுரோ தலையைச் சொறிந்தான். "டிவியோடவே குடித்தனம் பண்றவன்தான் இப்படிச் செய்வான். பாஸ், துப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நம்ம ஆளுக்கு எதிர்ப் பக்கமா இல்ல ஓடுது?"

அது அவளுக்கும் தெரிந்தது.

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பார்ரா ஒரு கோப்பை சீவிய ஐஸை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தார். மேஜை மேல் பேட்டரிப் பெட்டி இருந்தது. அதன் சின்னத் திரையில் பூஜ்யம்.

"சுத்தமா காலி," என்றார் பார்ரா. "திருடினவன் ஒரே ராத்திரியில குடிச்சுத் தீர்த்திருக்கான். அதோ இருக்கான் பாரு உன் ஆளு. வண்டி வர வரைக்கும் பேசிக்கோ."

ஆர்ஹெனிஸ் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தான். ஈயம் உருக்கிய சூட்டில் விரல் நுனியெல்லாம் தழும்பு. சியோமாராவைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தொடல அக்கா. அந்தப் பெரியவர் மேல என் நிழல்கூடப் படல. டிவியை மாட்டினேன், படம் வந்துச்சு, வந்துட்டேன். அப்புறம் பாப்பாவுக்கு மருந்து தேடி சைக்கிள்ல கடை கடையா அலைஞ்சேன். கரண்ட் வந்தப்புறம்தான் வீட்டுக்குள்ள காலை வச்சேன்."

"மருந்து கிடைச்சுதா?"

"எங்க கிடைக்கும்?"

"நீங்க போன கடைக்காரங்க யாராவது உங்களை ஞாபகம் வச்சிருப்பாங்களா?"

"இருட்டுல வந்து இல்லாத மருந்தைக் கேட்டவனை யாரு ஞாபகம் வச்சிருப்பா? ஆனா நான் செய்யல. எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

அவன் கண்ணில் பொய் இல்லை. பொய்களோடு பழகிய சியோமாராவுக்கு அது நன்றாகத் தெரியும். கொஞ்சம் நம்பிக்கையோடு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்த டிவி ஒயரை மடிச்சுத் தொங்க விட்டுட்டு வந்தீங்களா?"

அவன் விழித்தான். "எந்தப் பக்கம்?"

"முன்பக்கம். திரைக்கு நடுவுல பிளக் தொங்குது."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல நழுவின. அவன் முகத்துக்குப் பின்னால் யாரோ கைவிட்டு விளக்கை அணைத்தது போல இருந்தது. தன் கைகளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான்.

"என்ன?"

"நான்தான் மாட்டினேன். நான்தான் பெட்டியை எடுத்தேன். பெரியவரைத் தள்ளினதும் நான்தான். சார், எழுதிக்கங்க."

பார்ரா ஐஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். "சியோமாரா, நீ அடிக்கடி இங்க வரணும். காலையிலேர்ந்து நாங்க மூணு பேரு கேட்டு வாங்க முடியாததை ஒரே கேள்வியில வாங்கிட்டியே!"

வெளியே வெயில் உருகிக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும் நெயுரோ சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

"பாஸ், ஒரு சந்தேகம். நாம ஆளை வெளிய எடுக்கறதுக்குத்தானே வந்தோம்? உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டும் போட்டுட்டு வந்திருக்கோம்."

"வாயை மூடு."

"மூடறேன். அந்தத் தங்கச்சிகிட்ட யாரு சொல்றது?"

அவள் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தன் கேள்வியே அவன் கழுத்தில் சுருக்காக விழுந்துவிட்டது. சாயங்கால வண்டிக்கு இனி அவன்தான் முதல் ஆள்.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"எந்தப் பக்கம்னு கேட்டான்."

"யாரு?"

"ஆர்ஹெனிஸ். தன் கையால மாட்டின ஒயரைப் பத்தி யாராவது 'எந்தப் பக்கம்'னு கேப்பாங்களா? அவன் மாட்டல நெயுரோ. எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் யாரு மாட்டினாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சுது."

நெயுரோ சாவியைத் திருகினான். வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது.

*

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். சுவரோரம் பெரிய பெரிய டிவிகள் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒயர் மடிந்து தொங்கியது. ஒரு வரிசை கறுப்பு ஆசாமிகள் டை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருப்பது போல.

ஒன்று மட்டும் மின்சாரத்தில் சொருகியிருந்தது. திரை இருட்டு, சத்தம் மட்டும் வந்தது, யாரோ ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். நெயுரோ பயந்து போனான். மிலெய்டிஸ் ஒரு டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தாள். கண்ணாடிக்குள் ஆழத்தில், கிணற்றுத் தண்ணீரில் தெரிகிற முகம் போல, ஒரு தொடர் நாடகக் கதாநாயகி மங்கலாகத் தெரிந்தாள்.

"படம் இருக்கு. பின்னாடி எரியற விளக்குதான் செத்துப் போச்சு," என்றாள். "ஜனங்க இதைப் பார்த்துட்டு டிவியே போயிடுச்சுன்னு தூக்கிப் போடறாங்க. அவரு பழைய டிவிங்கள்லேர்ந்து விளக்குப் பட்டையைக் கழட்டி இதுக்குப் போட்டுடுவாரு... அவரைப் பார்த்தீங்களா அக்கா? என்ன சொன்னாரு?"

சியோமாரா உள்ளே பார்த்தாள். அடுத்த அறைக் கட்டிலில் சின்னப் பெண் யுலெய்மி உட்கார்ந்திருந்தது. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய் உறுமுகிற சின்ன மெஷினுக்குப் போயிற்று. மருந்து இல்லை போலிருக்கிறது, வெறும் உப்புத் தண்ணீரின் ஆவிதான். அதற்கே குழந்தை கண்ணை மூடி நன்றியோடு மூச்சு வாங்கியது.

நெயுரோ அதற்குள் சமையல் மூலைக்குப் போய் அடுப்புப் பெட்டியைத் திறந்துவிட்டான். "ஆஹா, அரேபா ரொட்டியா தங்கச்சி? வாசனை கொஞ்சம் ஒரு மாதிரி..."

"தொடாதீங்கண்ணே! அது டிவி போர்டு. விட்டுப்போன ஈயம் ஒட்டறதுக்காகச் சுடறது. அவரு இல்லைன்னாலும் வேலையை முடிச்சுக் குடுக்கணும்ல?"

"நல்லவேளை. வெண்ணெய் தேடிட்டு இருந்தேன்."

"மிலெய்டிஸ்," என்றாள் சியோமாரா. "இந்த ஒயரை எல்லாம் முன்னாடி தொங்கவிடறது யாரோட பழக்கம்?"

மிலெய்டிஸ் டார்ச்சை அணைத்தாள். "அவரோடதுதான்."

அப்போதுதான் மின்சாரம் போயிற்று.

அழுகை பாதியில் நின்றது. மெஷினின் உறுமல் நின்றது. தெரு முழுக்க ஒரே பெருமூச்சு எழுந்து அடங்கியது. நெயுரோ பழக்க தோஷத்தில் பக்கத்திலிருந்த ஃபேனின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான்.

மிலெய்டிஸ் உள்ளறைப் பக்கம் திரும்பினாள், குழந்தையை நோக்கி. ஆனால் அவள் கை அவளுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டது. டிவியின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை இரண்டாக மடித்து, மேல்விளிம்பு வழியாக முன்னால் தொங்கவிட்டது. கண்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. முகம் முழுக்கக் குழந்தையின் பக்கம்தான் இருந்தது.

பிளக் திரையின் நடுவில் ஆடி நின்றது.

அவள் குழந்தையிடம் ஓடிவிட்டாள். நெயுரோ பிளக்கைப் பார்த்தான். சியோமாராவைப் பார்த்தான்.

உள்ளே குழந்தையின் விசில் உயர்ந்தது, அறுந்தது, மறுபடி உயர்ந்தது. "நேத்தும் இப்படித்தான்," என்று மிலெய்டிஸ் யாரிடமோ போலப் புலம்பினாள். "நேத்தும் இதே மாதிரிதான். உதடு நீலமாகுது, ஐயோ, பாருங்களேன்!"

"நெயுரோ! நம்ம ஐஸ் கடையில ஜெனரேட்டர் ஓடும்," என்றாள் சியோமாரா.

அவன் குழந்தையை வாரித் தூக்கினான். மிலெய்டிஸ் மெஷினைக் கட்டிக்கொண்டாள். அன்று அந்தப் பழைய கார் சிக்னல் ஒன்றையும் மதிக்கவில்லை. மதிப்பதற்கு எந்த சிக்னலும் எரியவும் இல்லை.

*

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிளக்கைச் சொருகியதும் மெஷின் உறுமத் தொடங்கியது. யுலெய்மியின் உதட்டில் நிறம் திரும்ப வெகு நேரம் ஆயிற்று. நெயுரோ அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தன் தொந்தியை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பின்னறையில் மிலெய்டிஸ் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஒயரை மாட்டறது உங்க பழக்கம்," என்றாள் சியோமாரா.

மறுக்க அவளிடம் தெம்பு இல்லை. "பாப்பா தவழ்ற வயசுல ஒருநாள் ஒயரைப் பிடிச்சு இழுத்து, டிவி அது மேல சாஞ்சிருக்கும். நூலிழையில தப்பிச்சுது. அன்னிலேர்ந்து நான் ஒயரைக் கீழ விட மாட்டேன். அவரு இன்னும் விடுவாரு. நான்தான் பின்னாடியே போய் மாட்டுவேன்."

"நேத்து என்ன நடந்தது?"

"பெட்டியைக் கேட்டேன். கெஞ்சினேன். ஆட்டம் முடியட்டும், முடிஞ்சதும் எடுத்துக்கோன்னாரு. ரெண்டு பேரு களத்துல நிக்கறாங்க, இப்பப் போய்க் கேக்கறியேன்னாரு. வீட்டுல பாப்பா தனியா... நான் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிட்டு நாற்காலியைத் தாண்டறப்ப அவரு என் கையைப் பிடிச்சாரு. உதறிட்டு ஓடினேன். அவரு நாற்காலியிலதான் இருந்தாரு அக்கா! திட்டினாரு. அவரு வாசலைத் தாண்டற வரைக்கும் அந்தத் திட்டு கேட்டுச்சு. மண்டை உடைஞ்சவங்க திட்டுவாங்களா?"

"காலையில திருப்பிக் குடுக்கத்தான் போர்வைக்கு அடியில வச்சீங்க."

"ஆமா. சார்ஜ் ஏத்தி, மன்னிப்புக் கேட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போலீஸ். நான் வந்தப்புறம் யாரோ போய் அவரை அடிச்சிருக்காங்க. அந்த ஆளைப் பிடிச்சுட்டா, நான் போனதை யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். பிடிச்சுடுவீங்கல்ல? பிடிச்சுடுவீங்கதானே?"

சியோமாராவுக்கு அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அப்படி ஒரு ஆள் இல்ல, மிலெய்டிஸ். யாரும் அவரை அடிக்கல. டிவி ஓடற அறையில யாரும் தீக்குச்சி கிழிக்க மாட்டாங்க. தரையெல்லாம் தீக்குச்சி. நீங்க போனப்புறம் அவரு இருட்டுல எழுந்து, அலமாரியில மெழுகுவர்த்தி தேடிப் போயிருக்காரு. கோபத்துல ஊன்றுகோலைக்கூட எடுக்கல. வழியில விழுந்து மேஜை மூலையில இடிச்சிருக்காரு."

மிலெய்டிஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அப்போ பிடிக்கறதுக்கு யாருமே இல்லையா?"

"இல்ல. உங்க புருஷன் ஒயர் விஷயத்தைக் கேட்டதும் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாரு. நீங்கதான் அடிச்சீங்கன்னு நினைச்சுட்டாரு. நான் பார்ராகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்கதான் சொல்லணும். சொன்னா அவரு வெளிய வருவாரு. நீங்க உள்ள போவீங்க. விளங்காத கால் உள்ளவரைத் தள்ளிட்டு, இருட்டுல விட்டுட்டுப் பறிச்சுட்டுப் போனதாத்தான் எழுதுவாங்க. சொல்லலைன்னா சாயங்காலம் வண்டி போயிடும்."

வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. மிலெய்டிஸ் கதவிடுக்கு வழியாகக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெயுரோ கன்னத்தை உப்ப வைத்தான். முகமூடிக்குள் யுலெய்மி சிரித்தது.

"அவளுக்கு முடியெல்லாம் சிக்கு," என்றாள் மிலெய்டிஸ். "ஒரு சீப்பு இருக்குமா அக்கா?"

*

மிலெய்டிஸ் சொல்லி முடித்தபோது பார்ராவின் மேஜையில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். "பெரியவர் கண் முழிச்சு இதையே சொன்னா உனக்கு நல்லது. முழிக்கலைன்னா..." ஏட்டைக் கூப்பிட்டுக் கம்பிக் கதவைத் திறக்கச் சொன்னார்.

வெளியே வந்த ஆர்ஹெனிஸ் அவள் முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் சொன்னே? யாரு உன்னைச் சொல்லச் சொன்னா? நான்தான் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேனே! பாப்பாவுக்கு அம்மா வேணாமா?"

"கத்தாதே, பாப்பா பயப்படும்," என்றாள் மிலெய்டிஸ். அவள் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "மெஷின் நின்னா நான் என்ன செய்வேன்? தெருத் தெருவா ஓடிக் கெஞ்சுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ நாலு பழைய பேட்டரியைக் கட்டி ஓட வச்சுடுவே. அவளுக்கு நீதான் வேணும். இன்னிக்கே செய், நாளைக்குன்னு தள்ளிப் போடாதே. போர்டு அடுப்புலயே இருக்கு, தீய்ஞ்சிருக்கும், பாரு."

ஏட்டு அவள் முழங்கையைத் தொட்டார். அவள் தானாகவே உள்ளே போனாள். குழந்தை இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

நெயுரோவின் தோளில் யுலெய்மி தூங்கிவிட்டிருந்தது. ஆர்ஹெனிஸ் வந்து கையை நீட்டினான். நெயுரோ குழந்தையை மெதுவாக அவன் தோளுக்கு மாற்றி, மெஷினையும் கையில் கொடுத்தான்.

"வண்டி இருக்கு," என்றாள் சியோமாரா. "வீடு வரைக்கும் விட்டுடறோம். கரண்ட் இன்னும் வரல. எங்க கடையில ஜெனரேட்டர் இருக்கு, ராத்திரிக்கு வேணும்னாலும்..."

ஆர்ஹெனிஸ் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா நன்றி இருந்ததா என்று, பொய்களைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவளால் சொல்ல முடியவில்லை. அவன் வாய் ஒருமுறை அசைந்தது. பிறகு குழந்தையின் தலையை வெயில் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஜெயில் வண்டி வந்து நின்ற வாசலைத் தாண்டி நடந்து போனான்.